மில்ஃபோர்ட் சவுண்ட்: சின்ன விமானமும் படகும், அப்பா அம்மாவோடு போகலாமா?

தென்றல்வாசி:

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் பிப்ரவரியில் குடும்பமாக நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்குப் போகிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அப்பா, அம்மா என்று ஐந்து பேர். குயின்ஸ்டவுனில் நான்கு இரவு தங்குகிறோம். அங்கிருந்து ஒரு நாள், செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போய்வர வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு நாளுக்காகத்தான் இந்தப் பயணமே.

அப்பா முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தவர். மலையில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் சமவுயரக் கோடுகளை (செங்குத்தான இடத்தில் அவை நெருங்கி வரும்) மைப்பேனாவால் இழுத்து இழுத்தே பார்வை மங்கியது. இன்றைக்கும் ஒரு மலையின் வரைபடத்தைக் காட்டினால் எந்தப் பக்கம் செங்குத்து, எந்தப் பக்கம் ஏறலாம், மழை பெய்தால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று விரலை வைத்துச் சொல்லிவிடுவார். ஆனால் அப்படி ஒரு மலையை மேலிருந்து, பக்கத்தில், கண்ணால் பார்த்ததில்லை. பெரிய விமானத்தில் போனால் மேகம்தான் தெரிகிறது. அதனால் குயின்ஸ்டவுனிலிருந்து சின்ன விமானத்தில் போய், அங்கே படகில் சுற்றிவிட்டு, அதே விமானத்தில் திரும்பும் பயணத்தை அவருக்குக் காட்ட ஆசைப்படுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்குச் சின்ன விமானம் என்றாலே பயம். அப்பாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மகளுக்கு வளைவுப் பாதையில் வண்டி போனால் வாந்தி வரும். விமானம் அடிக்கடி ரத்தாகும் என்றும் படித்தேன். நான்கு நாளில் எந்த நாளுக்கு புக் செய்வது? ரத்தானால் என்ன செய்வது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை:

நான் காரில் போனேன். குயின்ஸ்டவுனிலிருந்து தரைவழியில் 290 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாலே நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் நிறுத்தாமல் ஓட்ட யாருக்கும் மனம் வராது. வழியில் தே ஆனாவ் என்ற ஊர் வரும். அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், வீட்டுக்குச் சொல்ல வேண்டியதையும் போனில் சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டினால் பெரும்பாலும் சிக்னல் கிடையாது.

அங்கிருந்து மில்ஃபோர்ட் வரை சுமார் 120 கிலோமீட்டர். நான் பார்த்த சாலைகளில் இதைவிட அழகானது இல்லை. எக்லின்டன் பள்ளத்தாக்கில் தங்க நிறப் புல்வெளி, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை. கடைசியில் ஹோமர் சுரங்கப் பாதை. 1935-ல் ஐந்து பேர் கடப்பாரையும் தள்ளுவண்டியுமாகத் தோண்ட ஆரம்பித்தது, வண்டிகளுக்குத் திறந்தது 1954-ல். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம். உள்ளே பாறையைக் கொத்திய தடம் அப்படியே தெரியும். வெளியே வந்ததும் சாலை பள்ளத்துக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும். உங்கள் மகளுக்குக் கஷ்டம் அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

ஒரே நாளில் நீங்களே ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டாம். நான் அப்படிச் செய்து, திரும்பும்போது கண் சொக்கி, ஓரமாக நிறுத்தித் தூங்கிவிட்டு வந்தேன். பஸ்ஸில் போங்கள், அல்லது தே ஆனாவில் ஓர் இரவு தங்குங்கள்.

வாகை:

சகோ, உங்கள் கேள்வியைப் படித்ததும் கட்டாயம் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் இரண்டு முறை முயன்று ஒரு முறை பறந்தவள். என் மாமியாரும் மகனும் கூட வந்தார்கள். மாமியாருக்கு அப்போது 70.

முதலில் நாள் விஷயம். குயின்ஸ்டவுனில் இறங்கிய மறுநாளே காலையில் புக் செய்யுங்கள். கடைசி நாளுக்கு வைக்கவே வைக்காதீர்கள். முதல் பயணத்தில் நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். ஊரில் பளிச்சென்று வெயில் அடிக்கிறது, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஏழரை மணிக்குப் போன் வருகிறது, மலைக்கு அந்தப் பக்கம் மேகம் இறங்கிவிட்டது, இன்று விமானம் இல்லை என்று. மறுநாள் ஊருக்குத் திரும்ப டிக்கெட். என் மகன் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அதைச் சொன்ன நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். மில்ஃபோர்ட் இருப்பது மேற்குக் கரையில். டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. வருடத்துக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை. குயின்ஸ்டவுன் மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஓட்டல் ஜன்னலைத் திறந்து பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல் நாள் ரத்தானால் இரண்டாம் நாள், அதுவும் போனால் மூன்றாம் நாள் என்று மாற்றித் தருவார்களா, பணம் முழுதாகத் திரும்புமா என்று புக் செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போகும் விமானம் ஓடி, திரும்பும் விமானம் ஓடாவிட்டால் பஸ்ஸில் இடம் தருவார்களா என்பதையும் கேளுங்கள். அதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை.

இரண்டாம் முறை போனபோது மூன்று நாள் கையில் வைத்திருந்தோம். இரண்டாம் நாள் கிடைத்தது.

விமான நிலையத்தில் ஒவ்வொருவரையும் எடை போடுவார்கள். கைப்பையோடு நிற்கச் சொல்வார்கள். மாமியாருக்கு அது கூச்சமாக இருந்தது, முன்கூட்டியே உங்கள் அம்மாவிடம் சொல்லிவையுங்கள். அந்த எடையை வைத்துத்தான் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பைலட் முடிவு செய்வார். குடும்பம் சேர்ந்து உட்கார முடியாமல் போகலாம். எங்கள் விமானத்தில் நடுவில் வழி, இரண்டு பக்கமும் ஒற்றை ஒற்றை சீட், எல்லோருக்கும் ஜன்னல். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க எந்தத் தடையும் இல்லை. புக் செய்யும்போது இறக்கை மேலே இருக்கும் விமானமா என்று கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கு அதுதான் முக்கியம்.

சரி, பறப்பது எப்படி இருக்கும்? நாற்பது நிமிடம்கூட இல்லை. முதலில் வாகட்டிப்பு ஏரி, நீலமாக, மலைக்குள் வளைந்து வளைந்து போகும். அப்புறம் புல்வெளி முடியும், காடு முடியும், வெறும் பாறை வரும். பனிக்கட்டி பாறை இடுக்கில் அழுக்கு வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். நாம் மலைக்கு மேலே பறப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், திடீரென்று மலை நம் தோள் உயரத்தில் பக்கத்தில் நிற்கும். பாறையில் வழியும் தண்ணீரைத் தனித்தனிக் கோடாக எண்ணலாம். என் மாமியார் பேசவே இல்லை. கை மட்டும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்திருந்தது. பயம் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன், கண் நிறைந்திருந்தது.

எங்கள் பைலட் சதர்லண்ட் அருவிப் பக்கமாகக் கூட்டிப்போனார். 580 மீட்டர், மூன்று தாவலாக விழுகிறது. அதற்கு மேலே ஒரு கிண்ணத்தில் வைத்தமாதிரி குவில் ஏரி. ஏரியின் விளிம்பு ஓர் இடத்தில் உடைந்து, அந்த உடைப்பிலிருந்து அருவி ஆரம்பிப்பது மேலிருந்து பார்த்தால்தான் புரியும். வானிலையைப் பொறுத்து வழி மாறும், எல்லா நாளும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அது கிடைக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இரண்டு சின்ன விஷயம். விமானத்தில் கழிப்பறை கிடையாது, ஏறும் முன் போய்விட்டு வாருங்கள். சாண்ட்ஃபிளை என்று ஒரு குட்டிக் கறுப்புப் பூச்சி, மில்ஃபோர்ட் கரையில் காலை வைத்ததும் மொய்க்கும். கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும். கால்சட்டைக்கும் ஷூவுக்கும் நடுவில் தெரியும் அந்த இரண்டு விரல் இடத்தைத்தான் அது தேடி வரும். முழு சாக்ஸ் போடுங்கள். பூச்சி விரட்டும் களிம்பைக் குயின்ஸ்டவுனிலேயே தடவிக்கொண்டு கிளம்புங்கள். இந்த அழகில் மயங்கி மனிதர்கள் இங்கேயே தங்கிவிடக் கூடாது என்று ஹினே-நுயி-தே-போ என்ற தெய்வம் அந்தப் பூச்சியை விட்டதாக நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் கதை சொல்கிறார்கள்.

தென்றல்வாசி:

வாகை, மிக்க நன்றி. அப்பாவிடம் குவில் ஏரி பற்றிப் படித்துக் காட்டினேன். ஒரு தாளை எடுத்து, வட்டமாக நெருக்கிக் கோடு போட்டு, ஓர் இடத்தில் மட்டும் கோட்டை உள்ளே மடக்கி, "இப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

அம்மா விஷயம்தான் முடியவில்லை. "நீங்கள் போய்வாருங்கள், நான் ரூமில் இருக்கிறேன்" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அப்பாவும் அவர் வராவிட்டால் தானும் போவதில்லை என்கிறார். வற்புறுத்தி ஏற்றினால் பழகிவிடுமா?

கரையோரம்:

நண்பரே, வற்புறுத்த வேண்டாம். காற்று இருக்கிற நாளில் மலை முகட்டைக் கடக்கும்போது அந்த விமானங்கள் நன்றாகவே குலுங்கும். பைலட்டுக்கு அது அன்றாட விஷயம், பயந்த மனதுக்கு அப்படி இல்லை. போகும்போதே அப்படி ஆகிவிட்டால், திரும்பும் விமானத்தை நினைத்து நினைத்து இடையில் இருக்கும் படகுப் பயணமும் அவருக்குக் கெட்டுவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். என் தம்பியும் அவன் பிள்ளைகளும் விமானத்தில், நானும் என் மனைவியும் பஸ்ஸில். இரண்டு தரப்புக்கும் ஒரே படகை புக் செய்தோம். பஸ் காலை ஏழு மணிவாக்கில் கிளம்பி மதியம் ஒரு மணிக்குப் படகுத்துறைக்கு வந்தது. அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டுப் பறந்து வந்து, எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். படகில் இரண்டு மணி நேரம் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். திரும்பும்போது மறுபடி பிரிந்தோம். பஸ்ஸில் போனால் மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வழியில் கண்ணாடி ஏரி, கழிப்பறை, காபி என்று நிறுத்தி நிறுத்தித்தான் போவார்கள். உங்கள் அம்மாவோடு ஒருவர் பஸ்ஸில் போனால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: படகின் பெயரும் நேரமும் இரண்டு தரப்பு டிக்கெட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே பல படகு ஓடுகிறது.

முழங்கால் வலிக்கு: விமானத்தில் ஏற மூன்று நான்கு சிறு படி, பிறகு குனிந்து உள்ளே போக வேண்டும். கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். படகில் கீழ்த்தளத்திலேயே கண்ணாடி ஜன்னலோடு உட்கார இடமும் கழிப்பறையும் உண்டு, மாடிக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. முன்பக்கத் திறந்த தளத்துக்கு மட்டும் எப்படியாவது கூட்டிப்போங்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் போனது கொட்டும் மழையில். முதலில் எல்லோருக்கும் முகம் வாடியது. படகு கிளம்பிய பத்து நிமிடத்தில் வாட்டம் போன இடம் தெரியவில்லை. லேடி போவன், ஸ்டெர்லிங் என்று எப்போதும் ஓடும் அருவி இரண்டுதான். மழை பெய்தால் சுவர் முழுவதும் அருவி. சில அருவிகள் கீழே வந்து சேர்வதே இல்லை, காற்று பாதியில் அள்ளிக்கொண்டு மேலே தூக்கிப் போகிறது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். மழை நின்ற சில மணி நேரத்தில் எல்லாம் காய்ந்துவிடுமாம், ஏனென்றால் அந்தப் பாறையில் தண்ணீரைப் பிடித்துவைக்க மண் இல்லை. அங்கே மரங்களும் பாறை மேல் பாசியில், ஒன்றின் வேரை ஒன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஒன்று சரிந்தால் பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும். அப்படிச் சரிந்த இடம் மலையில் வழித்துவிட்ட மாதிரி தெரியும்.

ஆகவே விமானம் ரத்தான நாள் வீணான நாள் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் இடம் கிடைத்தால் ஏறிவிடுங்கள்.

நெடுஞ்சாலை:

கரையோரம் சொன்ன யோசனை நல்லது. மகளைப் பற்றி ஒன்று: வாந்திக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே கொடுக்க வேண்டும், தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. குழந்தைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள். அப்பாவுக்கு இதயம், நுரையீரல் தொந்தரவு ஏதாவது இருந்தால் அதையும் கேளுங்கள். இந்தச் சின்ன விமானங்களில் பெரிய விமானத்தில் இருப்பது போலக் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை.

தென்றல்வாசி (திரும்பி வந்த பிறகு):

போய்வந்துவிட்டோம். உதவியவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

இறங்கிய மறுநாள் விமானம் ரத்து. வாகை சொன்னபடி முதலிலேயே பேசிவைத்திருந்ததால் இரண்டாம் நாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைய பகலை எர்ன்ஸ்லா என்ற நீராவிக் கப்பலில் கழித்தோம். 1912-ல் வாகட்டிப்பு ஏரியில் இறக்கியது, இன்னும் நிலக்கரியில்தான் ஓடுகிறது. அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப்போடுவதை மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த மகள் அங்கிருந்து நகரவே இல்லை.

மறுநாள் அம்மாவும் என் மனைவியும் பஸ்ஸில். அப்பா, மகள், நான் விமானத்தில். எடை போட்டு, அப்பாவை பைலட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார்கள். நான் கேட்கவில்லை, அது அப்படி அமைந்தது. எனக்கு அவருடைய பின்தலையும் வலது கையும் மட்டும் தெரிந்தது. பயணம் முழுக்க அந்தக் கையின் ஆள்காட்டி விரல் முழங்கால் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. மலை நெருங்கும்போது விரல் குறுகிக் குறுகிப் போகும், பள்ளத்தாக்கு விரியும்போது அகலமாகப் போகும். கோடு இழுக்கிறார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. அன்றைக்குச் சதர்லண்ட் அருவிப் பக்கம் மேகம், போக முடியவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மில்ஃபோர்ட் வாசலில் விமானம் கடல் பக்கமாகத் திரும்பி உள்ளே இறங்கியபோது, மைட்டர் சிகரம் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நின்றது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர், இடையில் சரிவு என்று ஒன்றே இல்லை. இறங்கியதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "கோடு போட இடமே இல்லை, ஒன்றின் மேல் ஒன்று விழும்."

படகுத்துறையில் அம்மா எங்களுக்கு முன்னால் காத்திருந்தார். ஹோமர் சுரங்கத்துக்கு வெளியே பஸ் நின்றபோது கியா கிளி ஒன்று வந்து பக்கத்துக் காரின் ஜன்னல் ரப்பரைக் கொத்திப் பிய்த்ததை, அப்பா வாயைத் திறக்கும் முன் சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் யாரும் கியாவைப் பார்க்கவில்லை.

படகில் ஒரு பாறை மேல் கடல்நாய்கள் படுத்திருந்தன. ஸ்டெர்லிங் அருவி சுமார் 150 மீட்டர் உயரம். கேப்டன் படகின் மூக்கை அதற்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார். முன்தளத்தில் நின்ற நாங்கள் ஐந்து பேரும் தொப்பலாக நனைந்தோம், அம்மாவும்தான். கையில் தண்ணீரைப் பிடித்து மகளின் தலையில் தெளித்தார். கரையோரம், அந்தத் தளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னதற்குத் தனி நன்றி. 1770-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் இந்தக் கரையை ஒட்டியே போயும் இந்த வாசலைக் கவனிக்காமல் கடந்துவிட்டார் என்று படகில் சொன்னார்கள். கடல் வரை போய்த் திரும்பும்போது அப்பா பின்பக்கம் போய் நின்று பார்த்தார். இரண்டு பக்க மலையும் ஒன்றின் மேல் ஒன்று மடிந்து வாசல் மூடிக்கொள்வதை மகளுக்குக் காட்டி, இதனால்தான் அவருக்குத் தெரியவில்லை என்றார்.

மூன்று மணிக்கு மேல் காற்று எழுந்து, திரும்பும் விமானத்தை நிறுத்திவிட்டார்கள். இதையும் வாகை சொல்லிக் கேட்டுவைத்திருந்ததால் எங்களுக்கும் பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள், ஒரு வழிக்கான பணமும் பின்னால் வந்து சேர்ந்தது. மகள் மாத்திரையின் உதவியால் சுரங்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம், அம்மா அவர் பக்கத்தில். காலையில் மேலிருந்து பார்த்த ஆற்றை அப்பா ஜன்னல் வழியாகக் காட்ட, அந்த ஆற்றோரமாகத்தான் பஸ்ஸை நிறுத்தினார்கள், தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன், பல் கூசும் குளிர் என்று அம்மா சொல்ல, தே ஆனாவ் வரும் வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு முன் சீட்டில்தான் இருந்தார்கள்.

போகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றுத் துணி எடுத்துப்போங்கள். ஈர உடையோடு ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்தோம்.